வாட்ஸைக் கூட்டும் முன் பெட்டியை நகர்த்துங்கள்

காரில் பேஸ் போதவில்லை என்று தோன்றியதும் பெரும்பாலானோர் தேடிப் போவது கூடுதல் சக்தியைத்தான். பத்து இன்ச் வூஃபரைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு இன்ச் போடலாமா, 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை 1000 வாட்ஸாக மாற்றலாமா என்ற யோசனையோடு அக்சஸரீஸ் கடை ஏறுகிறார்கள். சென்னை ஜி.பி. ரோடானாலும் சரி, மற்ற ஊர்களின் கார் கடைகளானாலும் சரி, பேச்சு பெரும்பாலும் வாட்ஸில் தொடங்கி விலையில் முடிகிறது. டிக்கிக்குள் அந்தப் பெட்டி எங்கே உட்காரப் போகிறது, அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கப் போகிறது என்ற கேள்வி எழுவது அபூர்வம். காலியாக இருக்கும் இடத்தில் வைத்து, ஒயரை இணைத்து, டிக்கியை மூடிவிடுகிறார்கள். ஆனால் டிரைவர் சீட்டில் இருப்பவரின் காதுக்கு எவ்வளவு பேஸ் வந்து சேரும், எந்தச் சுரம் ஓங்கும், எந்தச் சுரம் காணாமல் போகும் என்பதையெல்லாம் முதலில் தீர்மானிப்பது அந்த இடம்தான். சக்திக்கு அதற்கு அடுத்த வரிசையே. செலவில்லாத அந்த முதல் வேலையைச் செய்யாமல் செலவு பிடிக்கும் இரண்டாவது வேலைக்குத் தாவுவதால்தான் ஆயிரங்களைக் கொட்டியும் பலருக்குத் திருப்தி கிடைப்பதில்லை.

முதலில் நல்ல பேஸ் எது என்பதில் தெளிவு வேண்டும். கண்ணாடி அதிர்வதும் நெஞ்சில் இடிப்பதும்தான் பலருக்கு அதன் அளவுகோல். பாட்டில் பேஸ் செய்கிற வேலை அதைவிட நுட்பமானது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியை மீட்டினால் வினாடிக்கு 41 அதிர்வுகள் எழும். அதாவது 41 ஹெர்ட்ஸ். மற்ற மூன்று தந்திகள் 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. சப்வூஃபரின் ஆட்சி எல்லை ஏறக்குறைய இதுதான். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டை அமைத்துக்கொண்டு ஏறி இறங்கிச் செல்கிறது. அந்த ஓட்டத்தில் ஒரு சுரம் இடித்து முழங்கி, அடுத்த சுரம் காதில் விழாமலே போனால், இசையமைப்பாளர் எழுதியது நமக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள். ஆகவே பேஸ் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு முன்னால், எல்லாச் சுரங்களும் அதனதன் அளவில் சமமாகக் கேட்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சமன்தான் பெட்டி வைக்கும் இடத்தைப் பொறுத்துக் குலைகிறது, அல்லது கூடிவருகிறது.

காரணம் அலையின் நீளம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நீளம் 35 சென்டிமீட்டர்கூட இல்லை. 80 ஹெர்ட்ஸில் அதுவே 4.3 மீட்டர், 40 ஹெர்ட்ஸில் 8.6 மீட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கும் நம்மூர்ச் சிறிய கார்களின் மொத்த நீளத்தைவிட ஒரு பேஸ் அலை நீளமானது. இவ்வளவு நீண்ட அலைக்கு 30 சென்டிமீட்டர் அகல வூஃபர் ஒரு புள்ளி மாதிரிதான். அதனால் டார்ச் வெளிச்சத்தைப் போல ஒரு பக்கமாகப் பாயாமல், வூஃபரின் முகம் எங்கே பார்த்தாலும் ஒலி எல்லாத் திசையிலும் பரவுகிறது. காதின் இயல்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்த ஒலிகளைக் கேட்க நம் காதுக்கு மிக அதிக அழுத்தம் தேவை என்று காட்டியது. இன்றைய தர அளவீட்டின்படி 40 ஹெர்ட்ஸ் ஒலி மெல்லக் கேட்கத் தொடங்கவே சுமார் 50 டெசிபல் வேண்டும்; 1000 ஹெர்ட்ஸுக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். ஏற்கெனவே இவ்வளவு மந்தமாகக் கேட்கும் பகுதியில் ஐந்தாறு டெசிபல் குறைந்தாலே பாட்டின் அடித்தளம் நழுவிவிடும்.

அந்த ஐந்தாறு டெசிபல் டிக்கிக்குள்ளேயே எப்படித் தொலைகிறது என்று பார்ப்போம். வூஃபரிலிருந்து கிளம்பும் அலை ஒன்று நேராக முன்சீட்டை நோக்கி வருகிறது. அதே அலையின் இன்னொரு பகுதி பின்பக்கம் போய், டிக்கியின் பின்சுவரில் மோதித் திரும்பி, முதல் அலையின் பின்னாலேயே வருகிறது. இரண்டும் காதில் சேரும்போது ஒன்றுக்கொன்று கைகொடுக்கலாம், காலையும் வாரிவிடலாம். ஊஞ்சல் முன்னே போகும்போது தள்ளினால் வேகம் கூடும். திரும்பி வரும்போது தள்ளினால் நின்றுபோகும். திரும்பி வந்த அலை சரியாக அரை அலை நீளம் தாமதித்தால் நடப்பது இரண்டாவதுதான். அந்தச் சுரம் மெலிந்துவிடும். கணக்கு எளியது. வூஃபர் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், திரும்பும் அலை இரண்டு மீட்டர் கூடுதலாக நடக்கிறது. இரண்டு மீட்டர் என்பது 86 ஹெர்ட்ஸின் அரை அலை நீளம். பேஸ் கிட்டாரின் 73 ஹெர்ட்ஸ் தந்திக்கும் 98 ஹெர்ட்ஸ் தந்திக்கும் நடுவே உள்ள சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதே வூஃபர் பின்சுவரிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் 215 ஹெர்ட்ஸ் அருகே போய்விடும். 15 சென்டிமீட்டரில் இருந்தால் 575 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். சப்வூஃபர் அந்த உயரத்தில் ஒலிப்பதே இல்லை என்பதால் பள்ளம் இருந்தும் பாதகமில்லை. வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் மாறவில்லை, வாட்ஸும் ஏறவில்லை. பெட்டி 85 சென்டிமீட்டர் நகர்ந்தது, அவ்வளவுதான்.

பெட்டியை டிக்கிக் கதவுக்கு அருகே தள்ளி, வூஃபரின் முகத்தைப் பின்பக்கம் திருப்பி வையுங்கள் என்று அனுபவமுள்ள ஃபிட்டர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பின்னால் பார்த்தால் ஒலி பின்னால் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பேஸ் எல்லாத் திசையிலும் பரவுவதால் அப்படிப் போவதில்லை. திருப்பி வைப்பதால் கிடைக்கும் நன்மை வேறு. ஒரு வூஃபர் பெட்டி சாதாரணமாக 30, 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். அதைத் திருப்பும்போது வூஃபருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. பெட்டியைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி முன்பக்கம் பார்க்க வைப்பதுதான் பலர் செய்வது. சாமான் வைக்க வசதி என்பதால் அப்படி வைக்கிறார்கள். ஆனால் வூஃபருக்கும் பின்சுவருக்கும் மிக அதிக தூரம் விழுவது அந்த ஏற்பாட்டில்தான். செடான் காரில் அப்படித்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. சீட்டின் நடுவே திறக்கும் துவாரம் இருக்கும் கார்களில், வூஃபரின் முகத்தை அந்தத் துவாரத்தோடு பொருத்தி, சுற்றியுள்ள இடைவெளியைப் பலகையாலும் ஃபோமாலும் காற்றுப் போகாமல் அடைத்துவிட வேண்டும். ஒலி நேராக கேபினுக்குள் போய்விடும். டிக்கிக்குள் போய்த் திரும்பும் அலையே பெருமளவு இல்லாமல் போய்விடும். அரைகுறையாக அடைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

இங்கே ஒலியியல் அறிந்தவர்கள் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்புவார்கள். அலை காரைவிட நீளமானது என்றால், காருக்குள் அலை ஓடி விளையாட இடமே இல்லை. முழுக் கேபினும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டுத் தளர்கிறது. அப்படியிருக்க வூஃபர் எந்த மூலையில் இருந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. கேபினின் நீளம் அரை அலை நீளத்தைவிடக் குறைவாக இருக்கும் ஒலிகளுக்கு, அதாவது ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மூடிய கார் ஓர் அழுத்தக் கலம் போல நடந்துகொள்கிறது. சுரம் தாழத் தாழக் காரே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கொள்கை அளவில் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல். வீட்டில் மெலிவாகக் கேட்கும் சிறிய வூஃபர் காரில் ஆழமாக ஒலிக்கும் ரகசியம் இதுதான். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் அறிமுகப்படுத்திய, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி வகை வூஃபர், தாழ்ந்த சுரங்களில் அதே 12 டெசிபல் கணக்கில் சரிகிறது. அதன் சரிவைக் காரின் ஏற்றம் ஈடுகட்டுவதால் சீல்டு பாக்ஸும் காரும் நல்ல ஜோடி. ஆனால் ஆட்சேபத்தின் மறுபாதி நிற்காது. 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு இந்த விதி பொருந்தாது; டிரம்மின் உதையும் பேஸ் கிட்டாரின் பாதிச் சுரங்களும் அங்கேதான் வாழ்கின்றன. மேலும் செடானின் டிக்கி கேபினோடு ஒன்றான அறை அல்ல. சீட்டின் பஞ்சுக்கும் பார்சல் ட்ரேக்கும் பின்னால் இருக்கும் தனி அறை. அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி பரவும் என்ற கணக்கு அந்தத் தடுப்பில் வந்து தடுமாறுகிறது.

ஆகவே காரின் வடிவத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மாருதி டிசையரையே எடுத்துக்கொள்ளலாம். 2008இல் வந்த முதல் டிசையரின் டிக்கி 440 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கான வரிச் சலுகைக்குள் வருவதற்காக 2012இல் காரின் வால் வெட்டப்பட்டபோது அது 316 லிட்டராகச் சுருங்கியது. அடுத்து வந்த தலைமுறையில் 378 ஆனது. குட்டையான டிக்கியில் பின்சுவர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் பள்ளம் தானாகவே மேலே ஏறிவிடும். இடப் பற்றாக்குறை இந்த விஷயத்தில் அனுகூலம். நீளமான டிக்கி உள்ள பெரிய செடான்களில்தான் இடத்தேர்வு அதிகம் பேசும். ஸ்விஃப்ட் போன்ற ஹேட்ச்பேக்கில் டிக்கி கேபினின் ஒரு பகுதியே. நடுவில் ஒரு மெல்லிய ட்ரே மட்டும். அங்கே பெட்டியைப் பின்கதவை ஒட்டி, முகத்தைப் பின்னோக்கியோ மேல்நோக்கியோ வைப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்ட கார்களில் வூஃபர் பெட்டியைத் திணிக்கவே கூடாது. சீட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய வூஃபர்தான் அவற்றுக்கு ஏற்றது.

ஈக்வலைசர் இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். ஓங்கி ஒலிக்கும் சுரத்தைத் தணிக்க ஈக்வலைசர் மிக நல்ல கருவி. அந்த வேலைக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டான பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. 86 ஹெர்ட்ஸை 6 டெசிபல் தூக்கினால் நேர் அலையும் ஆறு ஏறுகிறது, அதை அழிக்கும் எதிரொலியும் ஆறு ஏறுகிறது. அழிவு அப்படியே நீடிக்க, ஆம்ப்ளிஃபயர்தான் மூச்சுத் திணறுகிறது. அதிக வாட்ஸ் போட்டுவிடலாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். இடம் மாற்றிப் பெறக்கூடிய 6 டெசிபலை வாட்ஸால் பெற வேண்டுமென்றால் 250 வாட்ஸ் 1000 வாட்ஸாக வேண்டும். 1000 வாட்ஸ் உண்மையாகவே வெளிவர, 14 வோல்ட் மின்சாரத்தில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் வீணாகும் வெப்பம் தனி. ஹெட்லைட், ஏசி, என்ஜின் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆல்டர்நேட்டரை நம்பியிருக்கும் சிறிய காருக்கு இது பெரும் பாரம். பெட்டியை நகர்த்த ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவில்லை.

இடம் அமைந்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது: வூஃபரும் முன்கதவு ஸ்பீக்கர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். முன்கதவு ஸ்பீக்கர் டிரைவரின் காதிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருந்தால், டிக்கியில் உள்ள வூஃபர் இரண்டேகால், இரண்டரை மீட்டரில் இருக்கும். ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம் என்பது 80 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அலை. இரண்டும் ஒரே சுரத்தை வாசித்தாலும் ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் நிலைக்கு இது நெருக்கம். ஆம்ப்ளிஃபயரில் 0, 180 என்று எழுதிய சிறு ஃபேஸ் சுவிட்ச் இருக்குமே, அது இதற்காகத்தான். பலர் அதைத் தொடுவதே இல்லை. பேஸ் சீராக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிக் கேட்டால், ஒரு பக்கத்தில் பேஸ் நிறைவாகவும் டேஷ்போர்டிலிருந்து வருவது போலவும் இருக்கும்; அதுவே சரியான பக்கம். ஸ்பீக்கர்களுக்குத் தாமதம் கொடுக்கும் வசதி உள்ள செட் என்றால் முன் ஸ்பீக்கர்களை மூன்று நான்கு மில்லி வினாடி தாமதிக்கச் செய்யலாம். வூஃபருக்குப் போகும் ஒலியை 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுவதும் முக்கியம். ஏறத்தாழ அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. வெட்டும் புள்ளியை 120, 150 என்று ஏற்றிவிட்டால் ஆண் குரலின் அடிப்பகுதியும் டிக்கிக்குள் போய்விடும். பாடகர் முதுகுக்குப் பின்னாலிருந்து பாடுவது போலாகிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். நீளமான ஸ்பீக்கர் ஒயரைத் தற்காலிகமாக இணைத்துக்கொண்டு பெட்டியை நான்கு விதமாக வைத்துப் பார்க்கலாம்: பின்கதவை ஒட்டிப் பின்பக்கம் பார்த்து, அதே இடத்தில் மேலே பார்த்து, சீட்டை ஒட்டிப் பின்பக்கம் பார்த்து, ஓரமாகச் சக்கர மேட்டுக்குப் பக்கத்தில். பின்பக்கம் திருப்பும்போது வூஃபருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அளவு இடைவெளி விட வேண்டும். போர்ட்டட் பாக்ஸ் என்றால் அதன் துவாரத்தின் வாயும் அடைபடக் கூடாது. 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு மெதுவாக ஏறும் சோதனை ஒலியைப் போட்டு, கண்ணாடிகளையும் டிக்கியையும் மூடிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். டிக்கி அருகே நின்று கேட்டு முடிவெடுப்பது பயனற்றது, ஏனென்றால் அங்கே நின்று யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. ஒலி எங்கே எழுகிறது, எங்கே அமுங்குகிறது என்று காதே சொல்லிவிடும். போனில் உள்ள ஒலி அளவுச் செயலி தாழ்ந்த சுரங்களைத் துல்லியமாக அளக்காது. இருந்தாலும் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தால் நான்கு நிலைகளையும் ஒப்பிட அது போதுமானது. மேலே சொன்ன கணக்குகள் எங்கே தொடங்குவது என்று வழிகாட்டும். ஒவ்வொரு காரின் தகடும் சீட்டும் வேறு என்பதால் முடிவைச் சோதனையிடமே விட வேண்டும்.

குடும்பத்துக்கு டிக்கி வேண்டும், ஊருக்குப் போனால் பெட்டி படுக்கை எங்கே வைப்பது என்ற கேள்வியை ஒலிப் பிரியர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. பின்கதவை ஒட்டி வைத்த பெட்டி சாமான் ஏற்றும் வழியை மறிக்கும் என்பது உண்மை. அதற்காகவே ஓரத்து வளைவில் பொருந்தும்படி செய்யும் கார்னர் பாக்ஸ்கள் உண்டு. பின்சுவருக்கு நெருக்கம் என்ற பலனில் பெரும்பகுதியை அவை தந்துவிடும். வேண்டாதபோது கழற்றி வீட்டில் வைக்க, ஒயரில் ஒரு பிளக் போட்டுக்கொண்டால் போதும். பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் இருப்பதால், நடுரோட்டில் டயர் பஞ்சரானால் அந்தப் பிளக்கின் அருமை தெரியும். அதே நேரம் பெட்டியை வெறுமனே வைத்துவிடவும் கூடாது. இருபது கிலோ எடையுள்ள மரப்பெட்டி திடீர் பிரேக்கில் பறந்து வரும். ஹேட்ச்பேக்கில் பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு அது ஆபத்து. பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். திருகு போடுவதாக இருந்தால் அடியில் பெட்ரோல் டாங்க்கோ பைப்போ இல்லை என்று உறுதி செய்த பிறகே துளையிட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மின் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். கடைசியாக நம்பர் பிளேட், பார்சல் ட்ரே, டிக்கி மூடியின் உள் தகடு ஆகியவை கடகடக்கின்றனவா என்று பார்த்து, தேவையான இடத்தில் டேம்பிங் ஷீட் ஒட்டலாம். அந்தக் கடகடப்பு நின்றாலே பேஸ் பாதி தெளிந்துவிடும்.

இந்த அக்கறைக்கு இசையைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. பேஸ் காணாமல் போகும்போது மனிதர்கள் செய்வது வால்யூமைக் கூட்டுவது. கூட்டும்போது பள்ளம் நிரம்புவதில்லை. குரலும் வயலினும் சிம்பலும்தான் காதைத் தாக்குகின்றன. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலானால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இரண்டு மணி நேரம் போக்குவரத்தில் காருக்குள் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் வாழ்நாள் செவித்திறனைப் பற்றியது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் கேட்பதும் அந்த வால்யூமைப் பொறுத்ததுதான். பேஸ் சரியாக வந்து சேரும் காரில் குறைந்த வால்யூமிலேயே பாட்டு நிறைந்து ஒலிக்கும். எனவே வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்: முதலில் இடம், பிறகு ஃபேஸ் சுவிட்ச், பிறகு 80 ஹெர்ட்ஸ் வெட்டு, பிறகு கடகடப்பு. இந்த நான்கையும் முடித்த பிறகும் போதவில்லை என்று தோன்றினால் அப்போது தாராளமாக வாட்ஸ் வாங்குங்கள், வாங்கியது வீணாகாது. பெரும்பாலானோருக்கு அந்தத் தேவை எழாது என்பதே என் நம்பிக்கை.